பிப்ரவரியில் கொரோனா முடிந்துவிடும் என்ற கணக்கை நம்பி நூல் வாங்கிப் போட்டவன் கேட்கிறேன்

தறிக்காரன்_ஈரோடு

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. யாரையும் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன்.

2020 அக்டோபரில் மத்திய அரசு அமைத்த விஞ்ஞானிகள் குழு ஒன்று, கணித மாடல் போட்டுப் பார்த்துவிட்டோம், கொரோனா உச்சத்தைத் தாண்டிவிட்டது, முகக்கவசம் இடைவெளி எல்லாம் கடைப்பிடித்தால் 2021 பிப்ரவரி வாக்கில் அடங்கிவிடும் என்று சொன்னது. எல்லா டிவியிலும் ஓடியது. எனக்குப் பன்னிரண்டு விசைத்தறி. முதல் ஊரடங்கில் பிணைத்த பாவு பிணைத்தபடியே தறியில் கிடந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களே பிப்ரவரி என்கிறார்களே என்று ஜனவரியில் வட்டிக்கு வாங்கி நூல் எடுத்துப் போட்டேன். பிப்ரவரியில் கேஸ் குறைந்துதான் இருந்தது, என் புத்திசாலித்தனத்தை வீட்டில் நானே புகழ்ந்துகொண்டிருந்தேன். மே முதல் வாரத்தில் நாட்டில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் வந்தது. மே 10 முதல் இங்கே முழு ஊரடங்கு. அதுவாவது போகட்டும், ஜூனில் சென்னைப் பக்கம் தளர்வு கொடுத்தபோது ஈரோடு, கோவை, திருப்பூர், சேலம் என்று 11 மாவட்டங்களுக்கு மட்டும் தளர்வைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

ஜோசியம் பார்த்து வாங்கியிருந்தால் திட்டுவதற்கு ஒரு ஜோசியராவது கிடைத்திருப்பார். இந்த மாடல்காரர்கள் சொன்னது நடக்காவிட்டால் யாரைக் கேட்பது? நடக்காத ஒன்றை வைத்து எப்படி அரசாங்கம் முடிவெடுக்கிறது?

பிளஸ்டூ_கணக்கு

தறிக்காரரே, நான் பள்ளியில் கணக்கு எடுப்பவன், மருத்துவம் தெரியாது. ஆனால் இந்த மாடலின் அடிப்படைக் கணக்கு பிளஸ் டூ பையனுக்குப் புரியும் அளவுதான். ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோயாளி நாளைக்கு 10 பேரிடம் நெருங்கிப் பழகுகிறார். ஒவ்வொரு முறையும் நோய் ஒட்டிக்கொள்ள நூற்றுக்கு 5 வாய்ப்பு. 5 நாள் அவரிடமிருந்து நோய் பரவும். பத்தை 0.05 ஆல் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் 2.5. அதாவது ஒருவர் இரண்டரைப் பேருக்குக் கொடுக்கிறார். ஆர் எண் ஆர் எண் என்று செய்தியில் சொன்னார்களே, இதுதான் அது. (இந்த எண்களை நான் உதாரணத்துக்குப் போட்டேன், கொரோனாவின் எண்கள் இல்லை.)

இப்போது ஊரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால், அவர் பழகும் பத்துப் பேரில் ஐந்து பேரிடம் நோய் ஒட்டாது. 2.5 பாதியாகி 1.25. கொஞ்சம் முகக்கவசம் போட்டால் ஒன்றுக்குக் கீழே. ஒன்றுக்குக் கீழே போனால் நோய் தானாக வடியும். உங்கள் பிப்ரவரிக் கணக்கின் உள்ளே இருந்தது இப்படி ஒரு கணக்குதான் என்று நினைக்கிறேன்.

இனி அந்த நூற்றுக்கு 5-ஐ மட்டும் 8 ஆக்குங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். 2.5 என்பது 4 ஆகிவிடும். பாதிப் பேருக்கு எதிர்ப்பு இருந்தாலும் 2. அந்தப் பாதியே உண்மையில் கால்வாசிதான் என்றால் 3. நோய் வடிய வேண்டிய இடத்தில் காட்டுத்தீ.

புள்ளிக்கோலம்

வாத்தியார் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நான் நோய்ப் பரவல் தரவுகளோடு வேலை செய்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2020 அக்டோபரில் அந்தக் குழுவின் மாடல், நாட்டில் சுமார் 30 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போய்விட்டது, பிப்ரவரிக்குள் அது 50 வரை போகலாம் என்று மதிப்பிட்டது. அதே காலத்தில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ரத்த மாதிரி எடுத்து எதிர்ப்புப் பொருள் பார்த்த செரோ சர்வேயில், 2020 ஆகஸ்ட்-செப்டம்பரில் 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் 6.6 சதவீதம்தான் வந்தது. டிசம்பர்-ஜனவரி சர்வேயில்கூட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆக மாடலுக்குள் இருந்த "ஏற்கெனவே பாதுகாப்பாக இருப்பவர்கள்" கூட்டம் ரத்தத்தில் இல்லை. அதன் மேல் டெல்டா என்ற புது வைரஸ் வகை வந்தது, வாத்தியார் சொன்ன 5 எட்டான கதை. இன்னும் வராத வைரஸ் வகையை எந்த மாடலும் உள்ளே வைத்திருக்காது, அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தப் பரிசோதனை ஒன்று சொல்லி, வரைபடம் வேறு சொல்லும்போது வரைபடத்தை நம்பியது எனக்கு அன்றைக்கே உறுத்தியது.

தறிக்காரன் அண்ணா, நூலுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. "பிப்ரவரியில் முடியும்" என்பது மாடலிடம் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மோசமான கேள்விக்கு வந்த பதில். இந்தக் கருவி எதற்கு நன்றாக வேலை செய்யும் என்றால், இதைச் செய்தால் என்ன, அதைச் செய்தால் என்ன, இரண்டில் எது தேவலை என்று பார்ப்பதற்கு.

எதிர்க்கட்சி

அருமை. நடந்தால் மாடல் ஜெயித்தது, நடக்காவிட்டால் "அது கணிப்பு இல்லை, ஒப்பீடு". தலை விழுந்தால் எனக்கு, பூ விழுந்தாலும் எனக்கு.

லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020 மார்ச் 16 அன்று என்ன சொன்னது? பிரிட்டனில் 5 லட்சத்து 10 ஆயிரம் சாவு, அமெரிக்காவில் 22 லட்சம். ஒரு வாரத்தில் பிரிட்டன் ஊரடங்கு. 2014-இல் எபோலா வந்தபோது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., லைபீரியா சியாரா லியோன் இரண்டிலும் சேர்த்து 2015 ஜனவரிக்குள் 14 லட்சம் கேஸ் வரை போகலாம் என்றது. கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் மொத்தமே ஏறக்குறைய 28,600. ஐம்பது மடங்கு தவறு! என் அக்கவுண்டன்ட் இப்படி ஐம்பது மடங்கு தவறினால் அவரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பிளஸ்டூ_கணக்கு

எதிர்க்கட்சி சார், அந்த இரண்டு அறிக்கையிலும் "ஒன்றுமே செய்யாமல் விட்டால்" என்ற நிபந்தனை இருந்தது. 14 லட்சம் என்பது, இப்போது போகிற போக்கில் விட்டால், பதிவாகாத கேஸ்களையும் சேர்த்தால் என்று. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பணமும் ஆட்களும் படுக்கைகளும் அங்கே போயின என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. இந்த வேகத்தில் போனால் மரத்தில் மோதுவாய் என்று பின்னால் இருந்து கத்தினேன், நீங்கள் பிரேக் போட்டீர்கள், மரத்தில் மோதவில்லை. நான் சொன்னது பொய்யா?

எதிர்க்கட்சி

மரம் இருந்ததா என்று எப்படித் தெரியும்? அதுதானே கேள்வி.

புள்ளிக்கோலம்

நியாயமான கேள்வி, சிரித்துவிட்டு நகர மாட்டேன். நிபந்தனையோடு சொன்ன எண்ணைச் சோதிப்பது கஷ்டம், ஏனென்றால் அந்த நிபந்தனை நடக்கவே இல்லை. அதனால்தான் இறுதி எண்ணை விட்டுவிட்டு உள்ளே போட்ட ஊகங்களைச் சோதிக்க வேண்டும். ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்று எதை வைத்து எடுத்தார்கள், நோய் ஒட்டியதிலிருந்து அறிகுறி வர எத்தனை நாள் என்று போட்டார்கள், இதெல்லாம் வெளியே சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீண்ட தூரக் கணிப்பு ஏன் உடைகிறது என்பதற்கு. வாத்தியார், ஆர் எண் 1.3 என்றால் என்ன ஆகும், 1.5 என்றால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுங்களேன்.

பிளஸ்டூ_கணக்கு

போட்டாயிற்று. இன்றைக்கு 100 நோயாளிகள். ஒருவர் 1.3 பேருக்குக் கொடுத்தால் பத்துச் சுற்றுக்குப் பிறகு அந்தச் சுற்றில் மட்டும் சுமார் 1,380 பேர். 1.5 பேருக்குக் கொடுத்தால் சுமார் 5,770. தொடக்கத்தில் 0.2 தான் வித்தியாசம், அது அளக்கும்போதே வரும் பிழை. முடிவில் நான்கு மடங்குக்கு மேல். இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திப் பாருங்கள், 169-க்கும் 225-க்கும்தான் வித்தியாசம், சமாளிக்கலாம். மாணவர்களுக்குக் கூட்டுவட்டி எடுக்கும்போது இதையே சொல்வேன். வட்டிக்கு வாங்கிய தறிக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தறிக்காரன்_ஈரோடு

வேண்டாம் வாத்தியாரே, அது நன்றாகவே தெரியும் :)

சரி, இரண்டு வாரத்துக்குச் சொன்னால் நம்பலாம், நான்கு மாதத்துக்குச் சொன்னால் நம்பக்கூடாது. இதை யாராவது 2020-இல் தமிழில் சொல்லியிருக்கலாம்.

டேட்டா_கொட்டுபவன்

இரண்டு வாரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் அண்ணா. 2021 மே மாதம் நான் ஒரு அலுவலகத்தில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) லேப் முடிவுகளை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்த்தேன். அடுத்த பத்து நாளைக்கு எத்தனை ஆக்ஸிஜன் படுக்கை வேண்டும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு எங்கள் எண்தான் போகும். ஆட்களில் பாதிப் பேருக்கு காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை இரண்டே பேர். ஏற்றாத முடிவுகள் பிளாஸ்டிக் கூடையில் குவிந்து கிடக்கும், செவ்வாய் புதனில் ஏற்றி முடிப்போம். வரைபடத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஞாயிறும் கொரோனா குறையும், ஒவ்வொரு புதனும் ஏறும். ஒரு திங்கட்கிழமை மேலே இருந்து போன், "குறைய ஆரம்பித்துவிட்டதே, நல்ல செய்தி" என்று. என் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு கூடை நிறைய நல்ல செய்தி இருந்தது.

அப்புறம் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா ஒருவர், ஏற்றிய தேதியை விட்டுவிட்டு மாதிரி எடுத்த தேதியை வைத்து வரையச் சொன்னார். கடைசி மூன்று நான்கு நாளைக் கோட்டில் சேர்க்காமல் புள்ளிபுள்ளியாக விடச் சொன்னார். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அந்த "நல்ல செய்தி" போன் வரவில்லை.

புள்ளிக்கோலம்

இந்தப் பதிவை எங்கள் ஆபீசில் மாட்டி வைக்கலாம்.

பழைய_பேப்பர்

எல்லாரும் இம்பீரியல், எபோலா என்று போகிறீர்கள். இந்த மாடல்களின் பிறந்த வீடு கிட்டத்தட்ட நம் நாடு என்பது தெரியுமா?

ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார், 1902-இல் நோபல். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாதது அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு. கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்றார், லாகூருக்குப் பக்கத்தில் மியான் மிர் கண்டோன்மென்டில் செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. எல்லாக் கொசுவையும் யாரால் கொல்ல முடியும் என்று கேலி. அதற்குப் பதிலாகத்தான் அவர் கணக்கில் இறங்கினார். எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தால் போதும், மலேரியா தானாகத் தேயும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். வாத்தியார் சொன்ன "ஒன்றுக்குக் கீழே" என்பதன் மூதாதை அதுதான்.

அடுத்தது மெக்கென்ட்ரிக். இவரும் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், இமயமலை அடிவாரத்தில் கசௌலி பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர். எடின்பரோவில் கெர்மாக் என்பவரோடு சேர்ந்து 1927-இல் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் எல்லா மாடலுக்கும் அஸ்திவாரம். தொற்றக்கூடியவர்கள், தொற்றியவர்கள், மீண்டவர்கள் என்று மூன்று பெட்டி. (கெர்மாக் 1924-இல் ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்தவர். கணக்கு முழுக்க மனதிலேயே.) தங்கள் கோடு சரியா என்று பார்க்க எந்த ஊர் எண்ணை எடுத்தார்கள் தெரியுமா? பம்பாய். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக்கில் வாரம் எத்தனை சாவு என்ற கணக்கு. கோடு புள்ளிகளின் மேல் அப்படியே அழகாகப் போய் உட்கார்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், பம்பாய் பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்தது, பெரும்பாலும் ஆளுக்கு ஆள் பரவவில்லை. அவர்கள் சமன்பாடோ ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று எழுதியது. மனிதச் சாவு எலிச் சாவின் நிழல் என்று எடுத்துக்கொள்கிறோம் என அவர்களே ஒப்புக்கொண்டுதான் எழுதினார்கள். ஆனாலும் பாருங்கள், உள்ளே எலி இல்லாத சமன்பாடு எலி நோயின் வளைவுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எதிர்க்கட்சி

இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! கோடு பொருந்துவதெல்லாம் ஒரு நிரூபணமே இல்லை.

புள்ளிக்கோலம்

ஆமாம், இதில் நான் உங்கள் கட்சி. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பம்பாய் நகராட்சி முடிவெடுத்திருந்தால் ஆட்களைத் தனிமைப்படுத்திக்கொண்டே இருந்திருக்கும், எலி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2020 அக்டோபர் மாடலும் அதுவரை வந்த கேஸ் எண்ணிக்கையின் மேல் அழகாக உட்கார்ந்த கோடுதான். ஏறி இறங்கும் எந்த வளைவின் மேலும் பத்து விதமான காரணங்களை உட்கார வைக்கலாம். எந்தக் காரணம் என்று முடிவு செய்ய வளைவுக்கு வெளியே இருந்து ஒரு சாட்சி வேண்டும். பம்பாய்க்கு எலி, நமக்கு ரத்தம்.

வடமராட்சி

பழைய பேப்பர் ஐயா மலேரியா பற்றிச் சொன்னபடியால் எங்கள் நாட்டுக் கதையையும் எழுதுகிறேன். இலங்கையில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அடித்து அடித்து 1963-இல் வருடத்துக்கு 17 மலேரியா நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தது. 17 பேர்! பிறகு தெளிப்பதை விட்டுவிட்டார்கள். 1969-இல் ஐந்து லட்சத்துக்கு மேல். அம்மம்மா சொல்லுவா, வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு கிடந்ததாம்.

நோயாளி எண்ணிக்கை குறைந்தால் நோய் பலவீனமாகிவிட்டது என்று நினைத்தார்கள். ராஸின் கணக்குப்படி பார்த்தால் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் ஒரு ஆளிடமிருந்து எத்தனை பேருக்குப் போகும் என்ற அந்த எண் தெளிப்பதால் மட்டுமே கீழே இருந்தது. கையை எடுத்ததும் மேலே வந்துவிட்டது. இரண்டாம் முறை அந்தப் பிழையைச் செய்யவில்லை. 2012-க்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. இப்பவும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரைத் தேடிப் பிடித்து ரத்தம் பார்க்கிறார்கள்.

தறிக்காரன்_ஈரோடு

கொசு, எலி எல்லாம் சரி. எங்கள் 11 மாவட்டத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சென்னைக்கு ஒரு நியாயம், ஈரோட்டுக்கு ஒரு நியாயமா?

புள்ளிக்கோலம்

இதற்குச் சொல்ல முடியும் அண்ணா. 2021 மே கடைசியில் தினசரி கேஸில் கோவை சென்னையையே தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? ஜூனில் அதிகாரிகள் கையில் இருந்தது அந்த எண்ணிக்கைதான். ஏன் அப்படி என்பது ஜூன்-ஜூலையில் மாநில அரசு எடுத்த செரோ சர்வேயில் வெளியே வந்தது. மாநில சராசரி 66.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு. விருதுநகரில் 84. கடைசி இடம் எது தெரியுமா? உங்கள் ஈரோடு, 37.

வாத்தியார் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆர் 4 என்றால் விருதுநகரில் 0.64, நோய் வடியும். ஈரோட்டில் 2.5, எரியும். ஒரே வைரஸ், ஒரே மாதம், ஒரே மாநிலம். மாநிலம் முழுவதையும் ஒரே பெட்டியாக வைத்து மாடல் போட்டிருந்தால் 1.35 என்று ஒரு சராசரி வந்திருக்கும், அது இரண்டு ஊருக்கும் பொய். உங்களுக்குத் தளர்வைக் குறைத்தது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அந்தக் காலத்து முடிவுகளில் அது எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்று.

சராசரி பொய் சொல்லும் என்பதற்கு இன்னொன்று. நோயாளிகள் யார் யாரோடு பழகினார்கள் என்று தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தேடிய தரவை வைத்து 2020-இல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. தொற்றியவர்களில் 8 சதவீதம் பேரிடமிருந்துதான் 60 சதவீதப் புதுத் தொற்று போயிருந்தது, பெரும்பாலானோர் யாருக்குமே கொடுக்கவில்லை. "ஒருவர் இரண்டரைப் பேருக்கு" என்பது காகிதத்தில்தான். உண்மையில் பத்துப் பேர் சும்மா இருப்பார்கள், பதினோராவது ஆள் கோயம்பேடு மார்க்கெட்டில் நிற்பார்.

தறிக்காரன்_ஈரோடு

37 தானா. அது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு சங்கத்தில் நின்று அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

எதிர்க்கட்சி

எல்லாரும் சமாதானம் ஆவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2001-இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது மாடலை வைத்துத்தான், நோய் வந்த பண்ணைக்குப் பக்கத்துப் பண்ணைகளில் நோயே இல்லாத மாடுகளையும் ஆடுகளையும் கொன்றார்கள். மொத்தம் 60 லட்சத்துக்கு மேல். அவ்வளவு தேவையா என்று இன்றும் சண்டை. மாடல் போட்டவர் யாரும் தன் மாட்டைக் கொல்லவில்லை. என் வீட்டில் நான்கு கறவை இருக்கிறது, அதனால் கேட்கிறேன். தவறினால் விலை கொடுப்பவன் ஒருவன், கணக்குப் போடுபவன் வேறு ஒருவன்.

புள்ளிக்கோலம்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்த இழப்பை யார் தலையில் வைப்பது என்பது சமன்பாட்டில் வராது. அது அமைச்சரும் கலெக்டரும் மக்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டியது. "மாடல் சொன்னது" என்று அவர்கள் ஒளிந்துகொள்ள விட்டது எங்கள் ஆட்களின் தப்பும்தான்.

நர்ஸம்மா_ஓய்வு

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், கணக்கு பாதி புரிகிறது. எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் போட்டோம். நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைக்கும். பள்ளிக்கு ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம், போட்டு முடித்ததும் இடது கட்டைவிரலில் மை வைப்போம். அப்போது வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது, ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்றுகூட. பெற்றோர் வாசலில் நின்று கேட்பார்கள், "ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு? ருபெல்லா சாதாரணக் காய்ச்சல்தானே, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு எதற்கு?" மேலே இருந்து வந்த உத்தரவு என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குழந்தைகளுக்கு மட்டும் போட்டால் போதாதா? ஏன் 15 வரை? இதற்கும் உங்கள் மாடலுக்கும் சம்பந்தம் உண்டா?

புள்ளிக்கோலம்

அம்மா, உண்டு. மாடலைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

ருபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் நீங்கள் சொன்ன மாதிரி சாதாரணக் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, மூன்று நாள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால்தான் கொடுமை. குழந்தை கண்புரையோடு, காது கேளாமல், இதயத்தில் ஓட்டையோடு பிறக்கலாம். 1941-இல் சிட்னியில் கிரெக் என்ற கண் டாக்டர் கண்டுபிடித்தது. மதுரை அரவிந்தில் கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளைப் பார்த்தபோதும் ருபெல்லா முக்கியமான காரணங்களில் ஒன்றாகத் தெரிந்தது.

ஊசியே இல்லாத ஊரில் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ருபெல்லா வந்து போய்விடும், கல்யாண வயதில் பாதுகாப்பாக இருப்பார்கள். இப்போது பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஊரில் நோய் சுற்றுவது குறையும். நல்லதுதானே? ஆனால் ஊசி போடாத மீதிப் பாதிக்கு நோய் வருவது தள்ளிப்போகும். வாத்தியார், வயது எவ்வளவு தள்ளும்?

பிளஸ்டூ_கணக்கு

தோராயக் கணக்கு. ஒருவர் ஆறு பேருக்குக் கொடுக்கும் நோய், சராசரியாக 10 வயதில் வருகிறது என்று வையுங்கள். பாதிக் குழந்தைகளுக்கு ஊசி போட்டால் சுற்றும் வேகம் பாதியாகிறது, காத்திருக்கும் காலம் இரட்டிக்கிறது. சராசரி வயது 20-ஐ ஒட்டிப் போய்விடும்.

அடப்பாவமே. இருபதா. கணக்கைப் போட்ட எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

புள்ளிக்கோலம்

அதேதான். மொத்த நோயாளிகள் குறைவார்கள், ஆனால் கர்ப்பிணி வயதில் வரும் நோயாளிகள் கூடிவிடலாம். நல்லது செய்யப் போய் கண் தெரியாத குழந்தைகளைக் கூட்டிவிடும் ஊசித் திட்டம். கிரீஸில் இது நடந்தது. 1970-களின் நடுவிலிருந்து அரைகுறையாகப் போட்டுவந்தார்கள், 1980-கள் முழுக்கப் பாதிக் குழந்தைகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. 1993-இல் பெரிய ருபெல்லா பரவல், இளைஞர்களிடம். அந்த வருடம் பிறவி ருபெல்லாவோடு பிறந்த 25 குழந்தைகள் உறுதி செய்யப்பட்டன, சின்ன நாட்டுக்கு அது பெரிய எண்.

இதை மாடல்காரர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் போட முடியும் என்ற நிலை இருந்தால் மட்டும் ருபெல்லா ஊசியைத் தொடங்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலம் சொல்லிவந்தது. தொடங்கும்போதே கைக்குழந்தையோடு நிறுத்தாமல் 15 வயதுவரை ஒரே அடியாகப் போட வேண்டும் என்பதும் இதனால்தான். பெரிய பிள்ளைகளை விட்டுவிட்டால் அவர்கள்தான் பத்து வருடம் கழித்து எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிகள். உங்கள் ஊசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த உத்தரவுக்கு இதுதான் அர்த்தம் அம்மா. யாரோ ஒருவர் உங்களுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்க்கட்சி

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். இதில் யாரும் தேதி சொல்லவில்லை, எண்ணும் சொல்லவில்லை. அரைகுறையாகச் செய்யாதே, செய்தால் முழுசாகச் செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கோமாரி விஷயத்தில் மாறமாட்டேன்.

நர்ஸம்மா_ஓய்வு

வாசலில் நின்ற அத்தனை அம்மாக்களையும் இன்றைக்குக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. ஒரே பள்ளியில் நாற்பது பிள்ளைகள் அன்றைக்கு வரவே இல்லை.

தறிக்காரன்_ஈரோடு

நர்ஸம்மா, அந்த மாதிரி வராத பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. அப்போது ஐந்தாவது. வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு அன்றைக்கு நான்தான் பள்ளிக்கு அனுப்பவில்லை. மறுநாள் போய்விட்டு அழுதுகொண்டே வந்தாள், எல்லார் விரலிலும் மை இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்று. பேனா மை வைத்துவிட்டேன்.

இப்போது காலேஜ் முதல் வருடம். இனிப் போடலாமா? எங்கே போவது?

நர்ஸம்மா_ஓய்வு

தாராளமாகப் போடலாம் தம்பி. இந்த வயதுக்கு அரசு அட்டவணையில் வராது, அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டாக்டரிடம் எம்.எம்.ஆர். ஊசி என்று கேளுங்கள். தட்டம்மை, அம்மைக்கட்டு, ருபெல்லா மூன்றும் அதில் இருக்கும். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், எத்தனை டோஸ் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது, போட்ட பிறகும் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக்கூடாது. அதனால்தான் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே போட்டுவிடச் சொல்வோம்.

தறிக்காரன்_ஈரோடு

சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். விஷயத்தைச் சொன்னேன். இந்த முறையாவது நிஜ மை வைப்பார்களா என்று கேட்கிறாள்.